புதுக் கோழிகளைக் கூட்டத்தில் சேர்க்கும் முறை

தறியும் தோட்டமும் நம் அங்கத்தினர் குடும்பங்களுக்குப் பெருவருவாய் தருவன. புறக்கடையில் மேயும் பத்துக் கோழிகள் சிறுவருவாய் தருவன. ஆயினும் கூலிப் பணம் கைக்கு வரத் தாமதமாகும் வாரத்திலும், மஞ்சள் விலை போகாமல் கிடங்கில் கிடக்கும் மாதத்திலும், குழந்தைகளின் நோட்டுப் புத்தகத்திற்கும் வீட்டுச் செலவுக்கும் கை கொடுப்பது முட்டைக் காசேயாகும். அக்காசு பெரும்பாலும் இல்லத்தரசியின் முந்தானை முடிச்சில் இருப்பது. கடன் வாங்காமல் ஒரு குடும்பம் ஒரு வாரத்தைக் கடப்பதற்கு அம்முடிச்சு எவ்வளவு உதவியிருக்கிறது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிவர்.

இது நம் பகுதிக்கு மட்டும் உரியதன்று. 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டிலுள்ள கோழியினங்கள் 85 கோடிக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழ 31 கோடியே 70 லட்சம் வீட்டுப் புறக்கடைகளில் வளர்பவை. பெரும் பண்ணைகள் பெருகியுள்ள இக்காலத்திலும் புறக்கடைக் கோழி குறையவில்லை. முந்திய கணக்கெடுப்பைவிடக் கூடியே இருக்கிறது.

இத்தகைய கூட்டத்தை வைத்திருப்போர் எல்லோரும் ஒரு வேலையை என்றேனும் செய்தாக வேண்டும். பெட்டைகளுக்கு வயது ஏறும்போது முட்டை குறையும். கீரியும் நாயும் சிலவற்றைக் கொண்டு போகும். விருந்துக்குச் சில குறையும். அவற்றிற்கு ஈடாக முட்டை வைக்காத விடைக்கோழிகளையும், குரல் உடைந்துகொண்டிருக்கும் விடைச் சேவல்களையும் வெளியிலிருந்து வாங்கிப் பழைய கூட்டத்தில் சேர்க்கிறோம். இதனை நம்மில் பெரும்பாலோர் ஒரு வேலையாகவே கருதுவதில்லை. சந்தையிலிருந்து கொண்டு வந்து, கால் கட்டை அவிழ்த்து, முற்றத்தில் விட்டால் முடிந்தது என்று எண்ணுகிறோம். அவ்வாறு எண்ணி நாமும் ஒருமுறை பெருநஷ்டம் அடைந்தோம். அதனை மறைக்காமல் எழுதுவதே பிறருக்குப் பயன்படும் என்று கருதி இங்கே சொல்லுகிறோம்.

நாம் அடைந்த நஷ்டம்

2018ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் நம் இல்லத்தில் எட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. ஊர்ப் பண்டிகைக்கு முந்திய வாரச் சந்தையில் ஐந்து விடைக்கோழிகளையும் இரண்டு விடைச் சேவல்களையும் விலை மலிவாக இருக்கக் கண்டு வாங்கினோம். மலிவுக்குக் காரணம் என்னவென்று நாம் கேட்கவில்லை. அன்று மாலையே எல்லாவற்றையும் பழைய கோழிகளுடன் விட்டோம்.

மறுநாள் முழுவதும் சண்டை. பழைய பெட்டைகள் புதியவற்றை இரைத் தட்டின் அருகே அண்டவிடவில்லை. ஒரு விடையின் கொண்டையில் இரத்தம் வந்தது. நான்காம் நாள் புதியவற்றுள் ஒன்று சிறகைத் தொங்கவிட்டு, கழுத்தை உள்ளிழுத்து, ஓர் ஓரமாக நின்றது, இரை எடுக்கவில்லை. கொத்து வாங்கிப் பயந்திருக்கிறது, இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டோம். ஆறாம் நாள் அது பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து இறந்தது. அதன் பின்னர் பழைய கோழிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பன்னிரண்டாம் நாள் பதினாறு கோழிகளுள் மூன்று மட்டுமே மிஞ்சின.

நம் நஷ்டத்தோடு அது நின்றிருந்தால் இத்தனை வருத்தம் இராது. அடுத்த வீட்டு அம்மையாரிடம் ஐந்து பெட்டைகள் இருந்தன. அவர் கணவரை இழந்தவர். நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைப்பவர். அவருடைய கோழிகளும் நம் முற்றத்துக் குப்பையைத்தான் கிளறின. ஐந்தும் போயின. அவர் நம்மிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "தம்பி, நீங்கள் கோழியை மட்டுமா வாங்கி வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை.

ஒரு நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை வைக்கும். குறைந்த கணக்கையே கொண்டாலும் அவர் இழந்தது ஓராண்டில் 300 முட்டை. புதிதாகக் குஞ்சு வாங்கி வளர்த்தால் அது முட்டையிட ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் அவருடைய முடிச்சு காலியாகவே இருக்கும்.

இரண்டு கேள்விகள்

நாம் செய்த தவறு யாது? கொத்துப்பட்டு ஒடுங்கி நிற்கும் கோழியும் நோய்ப்பட்டு ஒடுங்கி நிற்கும் கோழியும் முதல் இரண்டு நாள்களில் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் இரை எடுக்கமாட்டா; இரண்டும் ஓரத்தில் நிற்கும். சண்டையையும் நோயையும் ஒரே நாளில் முற்றத்தில் விட்டதனால் எது எது என்று பிரித்தறிய நமக்கு வழியில்லாமற்போயிற்று.

புதுக் கோழி வரும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. அது நோயற்றதா என்பது முதற்கேள்வி. பழைய கூட்டம் அதனை ஏற்குமா என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே இரண்டாவதைத் தொட வேண்டும். இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்தது இவ்வளவே. பின்வருவன எல்லாம் அதன் விரிவு.

முதற்படி: தனியே வைத்தல்

சந்தைக்கு வரும் கோழிகள் பல ஊர்களிலிருந்து வருபவை. ஒரு வீட்டில் கோழிகள் சாகத் தொடங்கினால் மிஞ்சியவற்றை விரைந்து விற்றுவிடும் வழக்கம் நம் மக்களிடையே உண்டு. மலிவுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகையால், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கோழியையும் நம்பிவிடலாகாது.

வெள்ளைக் கழிச்சல் என்று நாம் கூறும் நோய்க்கு மருத்துவர்கள் இட்ட பெயர் இராணிக்கேட் நோய் என்பது. இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கேட் என்னும் ஊரில் 1927ஆம் ஆண்டில் இந்நோய் கண்டறியப்பட்டமையால் இப்பெயர் வந்தது. மேனாட்டில் இதனை நியூகாசில் நோய் என்பர். கிருமி உட்புகுந்த பின் நோய்க்குறி தோன்ற இரண்டு நாளும் ஆகலாம். பதினைந்து நாளும் ஆகலாம். ஆகவே, ஒரு வாரம் நன்றாக இருந்தது என்று புதுக் கோழியைச் சேர்த்துவிடுவது போதாது. முப்பது நாள் தனியே வைத்தல் வேண்டும்.

இந்த முப்பது நாளையும் வீணாகக் கழிக்க வேண்டுவதில்லை. முதல் வாரம் பார்த்திருத்தல். எச்சத்தின் நிறம், கண்ணில் நீர், மூக்கில் சளி, மூச்சில் இழுப்பு, கொண்டையிலும் முகத்திலும் அம்மைக் கொப்புளம், இறகின் அடியில் பேன் ஆகியவற்றைக் காலையும் மாலையும் நோக்க வேண்டும். குறைகள் இல்லையாயின் எட்டாம் நாள் குடற்புழு நீக்க மருந்தைக் கால்நடை மருத்துவர் கூறும் அளவில் கொடுக்கலாம். பதினைந்தாம் நாள் கழிச்சல் தடுப்பூசி போடலாம். எஞ்சிய பதினைந்து நாள் அவ்வூசி வேலை செய்வதற்கு உரியது. ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடும் என்று எண்ணுவது பிழை. இரண்டு வாரமாவது கழிய வேண்டும்.

பழைய கோழிகளுக்கும் அதே நாளில் ஊசி போடுவது மிக அவசியம். நோய் புதியதிலிருந்து பழையதற்கு மட்டும் செல்வதில்லை. பழையதிலிருந்து புதியதற்கும் செல்லும். சளி நோய்க்குத் தப்பிப் பிழைத்த பழைய பெட்டை வெளிப் பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்துகொண்டே அக்கிருமியைச் சுமந்து திரியும். நம் முற்றத்து மண்ணில் உள்ள இரத்தக் கழிச்சல் கிருமி பழைய கோழிகளுக்குப் பழகிப் போயிருக்கும்; அதனை முன்பு கண்டறியாத இளங்கோழிக்கோ அது ஆபத்தாகலாம்.

தனியே வைத்தல் என்பது பழைய கூண்டின் பக்கத்தில் மற்றொரு பஞ்சாரத்தைக் கவிழ்ப்பதன்று. வீட்டின் மறுபுறத்தில், இயன்ற அளவு தொலைவில் வைக்க வேண்டும். தண்ணீர்ச் சட்டியும் இரைத் தட்டும் வேறாக இருக்க வேண்டும். நாள்தோறும் பழைய கோழிகளுக்கு முதலில் இரை வைத்து, அதன் பின்னரே புதியவற்றிடம் செல்ல வேண்டும். திரும்பும்போது கையையும் காலையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். நோய் பெரும்பாலும் நம் காலடியிலேயே நடந்து செல்கிறது.

கோழிகளின் வரிசை

நோயில்லை என்று தெளிந்த பின்னர் இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். கோழிகள் புதியவற்றை ஏன் கொத்துகின்றன?

நார்வே நாட்டவரான ஷெல்டரப் எப்பே என்னும் அறிஞர் சிறுவனாக இருந்தபோதே தம் வீட்டுக் கோழிகளைக் கூர்ந்து கவனித்து வந்தார். ஒரு கோழி எவற்றைக் கொத்துகிறது, எவற்றுக்கு வழிவிடுகிறது என்று குறித்துவைத்து, ஒவ்வொரு கூட்டத்திலும் முதலிடம் முதல் கடையிடம் வரை ஒரு வரிசை இருப்பதைக் கண்டார். அவர் 1921ஆம் ஆண்டளவில் வெளியிட்ட இவ்வுண்மையைப் பின்வந்தோரும் ஆராய்ந்து உறுதிப்படுத்தினர்.

இவ்வரிசை கொடுமைக்காக ஏற்பட்டதன்று, அமைதிக்காக ஏற்பட்டது. யார் முதலில் உண்பது என்பது ஒருமுறை தீர்ந்துவிட்டால் நாள்தோறும் சண்டையிட வேண்டுவதில்லை. ஒரு பார்வையே போதும். அயற்கோழி ஒன்று புகுந்தால் அந்த ஏற்பாடு கலைகிறது. ஒவ்வொரு பழைய கோழியும் புதியதோடு தன் இடத்தைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறது. ஆகவே, சண்டையே வராமல் தடுத்துவிட நம்மால் இயலாது. அது இரத்தமின்றி, பட்டினியின்றி முடியுமாறு செய்வதே நம் கடமை.

தாய்க்கோழி தானே அடைகாத்துப் பொரித்து, கூட்டத்தின் நடுவில் வளர்க்கும் குஞ்சுகளுக்கு இத்தொல்லை மிகக் குறைவு. அவை தாயின் காவலில் இருக்கும்போதே தம் இடத்தை அறிந்துகொள்கின்றன. பொறியில் பொரித்து வளர்த்த நந்தனம், வனராஜா, கிராமப்ரியா போன்ற வகைகளை வாங்குவோருக்கும், சந்தையில் வாங்குவோருக்குமே பின்வரும் முறைகள் தேவைப்படும்.

இரண்டாம் படி: கண்ணால் பழகுதல்

சேர்ப்பதற்குரிய வயது பன்னிரண்டு முதல் பதினாறு வாரம். உருவத்தில் பழைய பெட்டையின் முக்கால் பங்காவது இருத்தல் வேண்டும். அதனினும் சிறியவை அடி தாங்கமாட்டா. முட்டை வைக்கத் தொடங்கிய பின் இடம் மாற்றினால் முட்டை சில நாள் நின்றுபோகும்.

ஒற்றைக் கோழியை ஒருபோதும் சேர்க்கலாகாது. ஒன்றை விட்டால் கூட்டத்தின் கொத்து முழுவதும் அதன்மேல் விழும். மூன்று அல்லது நான்கு சேர்ந்து சென்றால் கொத்து பகிர்ந்து போகும். அவை ஒன்றையொன்று அணைந்தும் நிற்கும்.

முப்பது நாள் கழிந்ததும் புதியவற்றைப் பழைய கூண்டின் அருகே கொண்டுவந்து, இடையில் மூங்கில் தட்டியோ கம்பி வலையோ கட்ட வேண்டும். பார்க்கலாம், கேட்கலாம், கொத்த இயலாது. ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இவ்வாறு இருக்கட்டும். தட்டியின் இரு பக்கத்திலும் இரைத் தட்டை ஒட்டி வைத்தால், அருகருகே உண்ணும் பழக்கம் உண்டாகும். தட்டியின் வழியே சிலிர்த்துச் சீறும் பெட்டை எது என்பதையும் இந்நாள்களிலேயே அறிந்து வைத்துக்கொள்ளலாம்.

பழையவை அடைந்து கிடக்கும் நேரத்தில் புதியவற்றை ஒரு நாழிகை முற்றத்தில் மேயவிடுவதும் நல்லது. தண்ணீர் எங்கே இருக்கிறது, ஒளிய இடம் எது என்பதைத் துரத்துவார் இல்லாதபோதே அவை கற்றுக்கொள்ளும். நெசவாளர் தெருக்களில் காலையில் பாவு நீட்டும்போது கஞ்சி மணத்திற்குக் கோழிகள் வந்து மிதித்துவிடாதபடி அவற்றை அடைத்து வைப்பது வழக்கம். அவ்வேளையில் புதியவற்றைப் புறக்கடை வேலிக்குள் விட்டால் இரு காரியமும் ஒருங்கே நடைபெறும்.

மூன்றாம் படி: கலத்தல்

கலக்கும் நாளை நாம் வீட்டில் இருக்கக்கூடிய நாளாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருட்டிய பின் கோழிக்குக் கண் நன்றாகத் தெரியாது. அப்போது புதியவற்றைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பழையவற்றின் அருகில் அடையும் கழியில் உட்கார்த்தி வைத்தால் இரவு அமைதியாகக் கழியும். இதனோடு எல்லாம் முடிந்தது என்று உறங்கிவிடக் கூடாது. விடியும் முன் எழுந்து கூண்டைத் திறந்துவிட வேண்டும். அடைந்த கூண்டுக்குள் விடிந்தால் ஓட இடமின்றிப் புதியவை அடிபடும். அடையும் கழியில் ஒவ்வொரு கோழிக்கும் எட்டு முதல் பத்து அங்குல இடம் இருத்தல் வேண்டும். இடம் போதாத கூண்டில் எந்த முறையும் பயன்படாது.

காலையில் இரையை மூன்று இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீரை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்று சற்றுத் தொலைவில் இருக்கட்டும். ஒரு பெட்டை இரண்டு சட்டிகளைக் காவல் காக்க இயலாது. அகத்திக் கீரையையோ முருங்கைக் கீரையையோ ஒரு கட்டாகக் கட்டிக் கோழியின் தலை உயரத்தில் தொங்கவிட்டால் பழையவற்றின் வாய்க்கு வேலை கிடைக்கும். ஓலைத் தட்டி ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்தால், துரத்தப்படும் கோழி ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறலாம். முட்டுச் சந்து போன்ற மூலைகளை மட்டும் அடைத்துவிட வேண்டும். அங்கேதான் கோழி மாட்டிக்கொண்டு அடிபடும்.

தீவனத்தில் ஒரு செய்தி. கடையில் வாங்கும் முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு மூன்றரைப் பங்கு அளவில் இருக்கும். வளரும் விடைக்கு ஒரு பங்கே போதும். மிகுந்தால் அதன் சிறுநீரகம் கெடும். ஆகையால் கலந்த கூட்டத்திற்கு வளர்கோழித் தீவனத்தையோ, கம்பு, சோளம், நொய், தவிடு, புண்ணாக்கு ஆகியவற்றையோ பொதுவாக வைத்து, இடித்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்தால் போதும். முட்டையிடும் பெட்டை தனக்கு வேண்டியதைத் தானே தேடித் தின்னும்.

எப்போது தலையிடுவது?

ஒரு கொத்து, ஒரு துரத்தல், கழுத்திறகைச் சிலிர்த்து எதிர்நிற்றல் ஆகியவை இயல்பே. முதல் மூன்று நாள் இவை மிகுந்திருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். இவற்றைக் கண்டு நொடிக்கொரு தரம் பிரித்து வைத்தால் வரிசை தீர்வதே இல்லை.

ஆயின் இரத்தம் கண்டால் அக்கணமே பிரித்தல் வேண்டும். சிவந்த நிறத்தைக் கண்ட கோழிகள் அவ்விடத்தையே திரும்பத் திரும்பக் கொத்தும். உயிர் போகும் வரை நிறுத்தமாட்டா. காயத்தை உப்பு நீரால் கழுவி, வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளைத் தடவி, ஆறும் வரை தட்டிக்குப் பின்னால் மற்றவற்றின் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். அறவே மறைத்து வைத்தால் மீண்டும் அயற்கோழியாகிவிடும்.

இரத்தமில்லாத துன்பம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு சோதனை உண்டு. மாலையில் அடைந்த பின் ஒவ்வொரு புதுக் கோழியின் கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நிறைந்து தடித்திருந்தால் அது உண்டிருக்கிறது, கவலையில்லை. தட்டையாகக் காலியாக இருந்தால் பகல் முழுவதும் அதனை எவையோ இரையருகே விடவில்லை என்பது பொருள். இரண்டு மாலை தொடர்ந்து காலியாக இருந்தால் காரணமான பெட்டையைக் கண்டறிந்து, கொத்துப்பட்டதை அன்றிக் கொத்துகின்றதை மூன்று நான்கு நாள் பஞ்சாரத்தில் அடைக்க வேண்டும். அது திரும்பி வரும்போது தானே புதிதாக நுழைவது போலாகி அதன் இறுமாப்புத் தணியும்.

விடைச் சேவல்கள்

பெட்டைகள் பெட்டைகளோடும் சேவல்கள் சேவல்களோடுமே பெரும்பாலும் வரிசைக்குப் போராடுகின்றன. பழைய சேவல் புதிய விடைக்கோழிகளை வரவேற்கவே செய்யும். புதிய சேவலை அது பொறாது. நான்கு மாதம் வரை ஒன்றாக வளர்ந்த விடைச் சேவல்கள் கூவத் தொடங்கியதும் ஒன்றையொன்று எதிர்க்கும். பருவம் வராத விடைக்கோழிகளை ஓட ஓட விரட்டி வருத்தும். கழுத்திறகும் இடுப்பிறகும் நுனி கூர்ந்து பளபளக்கத் தொடங்கியதும் சேவல்களை வேறாக்கிவிட வேண்டும்.

எட்டு அல்லது பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிகையான சேவல்களை விற்றுவிடுவதே இலாபம். இரக்கத்தாலோ ஆசையாலோ எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் பெட்டைகளின் முதுகிறகு உதிரும், முட்டை குறையும். அசில் எனப்படும் பெருவிடைச் சேவல் சாகும் வரை போரிடும் இயல்புடையது. அதனை மற்றொரு சேவலோடு பழக்கலாம் என்று முயலவே வேண்டாம்.

சேவலை மாற்றாமலே இருப்பதும் தவறு. ஒரே சேவல் பல ஆண்டு இருந்தால் தன் மக்களோடும் பேத்திகளோடும் சேர்கிறது. முட்டைகள் பொரிப்பது குறையும். பொரித்த குஞ்சுகளும் நோஞ்சானாக இருக்கும். ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேறு இரத்தமுள்ள சேவலைக் கொண்டுவருதல் வேண்டும். அவ்வாறு மாற்றும்போது பழையதை முதலில் நீக்கிவிட்டே புதியதை விட வேண்டும். பழைய சேவலின் வித்து பெட்டையின் வயிற்றில் இரண்டு மூன்று வாரம் தங்கியிருக்கும். ஆகையால் புதிய சேவலின் குஞ்சு வேண்டுவோர் மூன்று வாரம் கழிந்த பின் இட்ட முட்டையையே அடை வைத்தல் வேண்டும்.

சங்கமாகச் செய்யத்தக்கவை

இவற்றுள் பல தனி வீட்டால் நன்கு நடவா. கழிச்சல் தடுப்பு மருந்து 100 அல்லது 200 கோழிக்குரிய குப்பிகளாக வருகிறது. கலக்கிய பின் ஓரிரண்டு மணி நேரத்திற்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவராவிடின் கெட்டுப்போகும். பத்துக் கோழி வைத்திருப்பவர் ஒரு குப்பி வாங்கித் தொண்ணூறை வீணாக்க மனம் துணியார். ஆகவே வாங்காமலே விட்டுவிடுகிறார். பத்து வீடு சேர்ந்தால் ஒரு குப்பியில் ஒரு சொட்டும் வீணாகாது. ஆண்டுதோறும் கால்நடைப் பராமரிப்புத் துறையார் நடத்தும் இலவசத் தடுப்பூசி முகாமிற்கும் தெருவே சேர்ந்து சென்றால் ஒரு கோழியும் விடுபடாது. ஒரு தெருவில் விடுபட்ட இரண்டு கோழியே நோய்க்கு வாசலாகும்.

சேவல் மாற்றமும் அப்படியே. தூரத்துச் சந்தையில் தெரியாத சேவலை வாங்குவதைவிட, ஊசி போட்டது என்று நாம் அறிந்த மற்றொரு அங்கத்தினர் வீட்டுச் சேவலோடு நம் சேவலை மாற்றிக்கொள்வது செலவில்லாதது. அங்கும் முப்பது நாள் விதியைத் தளர்த்தலாகாது. நண்பர் வீட்டுக் கோழி என்பதற்காகக் கிருமி தயவு காட்டாது.

கோழிகள் கூட்டமாகச் சாகத் தொடங்கினால் மிஞ்சியவற்றைச் சந்தைக்குக் கொண்டு போவது பெரும் பாவம். இறந்தவற்றைத் தெருவிலோ வாய்க்காலிலோ எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்து, கால்நடை மருத்துவமனைக்கு உடனே அறிவிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது முதல், இவ்வாறு அறிவிப்பது மனிதர் நலத்திற்கும் வேண்டியதாகிவிட்டது.

நம் வீட்டில் 2019ஆம் ஆண்டு தை மாதத்தில் மறுபடியும் ஆறு விடைக்கோழிகளும் ஒரு விடைச் சேவலும் வாங்கினோம். முதலில் அடுத்த வீட்டு அம்மையாரிடம் சொல்லிவிட்டே வாங்கச் சென்றோம். முப்பது நாள் தனியே வைத்தோம்; பத்து நாள் தட்டிக்குப் பின் வைத்தோம்; பின்னரே கலந்தோம். ஒரு விடை மட்டும் நான்கு மாலை இரைப்பை காலியாகத் துன்பப்பட்டது; பழைய பெட்டையை அடைத்து வைத்ததும் தேறியது. அந்த ஆண்டுக் கோடையில் வேறு தெருக்களில் கழிச்சல் நோய் கண்டபோதும் நம் தெருவில் வரவில்லை. ஊசி போடாத வீடு அத்தெருவில் இல்லாதிருந்ததே அதற்குக் காரணம் என்று நம்புகிறோம்.

முதலில் முட்டை வைத்த விடைக்கோழிகளுள் இரண்டை அம்மையாரிடம் கொடுத்தோம். விலை பேசினார், நாம் வாங்கவில்லை. நாம் தீர்க்க வேண்டிய கடன் அதனினும் பெரிது. அங்கத்தினர்கள் அடுத்த முறை சந்தையிலிருந்து கோழியின் காலைக் கட்டிக்கொண்டு வரும்போது, கட்டை அவிழ்ப்பதற்கு முன் அடுத்த வீட்டையும் ஒருமுறை நினைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.